அழுகளத்தில் யாருக்கு மருத்துவர் தேவை?

சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு காலை. கூவாகம் கூத்தாண்டவர் கோயில் தேர் அழுகளத்தை நோக்கி நகர்கிறது. முந்தின இரவு பூசாரியின் கையால் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வழியெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அழுகளத்தில் தாலி அறுகிறது, வளையல் உடைகிறது, பொட்டு அழிகிறது, தலையில் இருந்த மல்லிகை மண்ணில் விழுகிறது. பிறகு குளியல், வெள்ளைப் புடவை. இறந்துபோன கணவன் அரவான். பாரதப் போரில் பாண்டவர்கள் வெல்லக் களப்பலியானவன். அவனுடைய கடைசி ஆசைக்காகக் கிருஷ்ணனே மோகினியாகி ஒரு நாள் மனைவியாக இருந்தான் என்பது நாட்டார் வழக்குக் கதை.

உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் இந்தச் சிற்றூர் 2019 நவம்பர் வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்.

இதே காட்சியை வேறிடத்தில் வைத்துப் பாருங்கள். ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையம். ஒருவர் வளையலை உடைத்துக்கொண்டு, மரத்தால் செய்த கணவன் செத்துவிட்டான் என்று கதறுகிறார். கால் மணி நேரத்துக்குள் யாராவது 108-க்குப் போன் போட்டிருப்பார்கள். அழுகை அதே அழுகை, கண்ணீரில் உப்பும் அதே அளவு. தேதியும் இடமும்தான் மாறின. அப்படியானால் "இவருக்கு மனசு சரியில்லை" என்று நாம் சொல்வது எதைப் பார்த்து?

இந்தக் கேள்வியை இன்னும் கொஞ்சம் இறுக்கலாம். அழுகளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் அழுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நாளை மறுநாள் ஊர் திரும்பி வேலையைப் பார்ப்பார். இன்னொருவருக்கு உண்மையிலேயே மருத்துவ உதவி தேவை. எந்த அளவுகோலை வைத்தால் இருவரையும் பிரித்துச் சொல்ல முடியும்? மனம் தன் வழக்கமான ஓட்டத்திலிருந்து விலகுவதை உளவியலில் இயல்பு பிறழ்வு என்கிறோம். அதை அளக்க ஒன்றுக்கு நான்கைந்து கோல்கள் உண்டு. ஒவ்வொன்றையும் இந்தக் களத்துக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

தலையை எண்ணுவது

எல்லாவற்றிலும் எளிய கோல் இது. பெரும்பாலோர் எப்படியோ அதுவே இயல்பு, வெகு சிலரிடம் மட்டும் காணப்படுவது பிறழ்வு. நுண்ணறிவுச் சோதனைகள் இந்த அடிப்படையில்தான் நிற்கின்றன. சராசரியை 100 என்று வைத்து மதிப்பெண் போட்டால் 70-க்குக் கீழே வருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருப்பார்கள். அங்கே ஒரு கோடு கிழித்து, கீழே இருப்பவர்களுக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்கிறார்கள்.

கோடு கிழிக்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் 130-க்கு மேலேயும் அதே நூற்றுக்கு இரண்டு பேர்தான். அவர்களை யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை, பேட்டி எடுக்கிறோம். தவிர, யாருடைய சராசரி என்ற கேள்வியும் இருக்கிறது. நகரத்துப் பிள்ளைகளை வைத்துத் தயாரித்த வினாத்தாளைக் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே இருக்கும் ஒரு மலையாளிப் பழங்குடிச் சிறுமியிடம் நீட்டினால் அவள் மதிப்பெண் சரியும். கடுக்காய் எப்போது உதிரும், சாமை எந்த மழைக்கு விதைக்க வேண்டும் என்று ஒரு வினாத்தாள் அந்த மலையில் தயாரானால் நம் வீட்டுப் பிள்ளைகள் கோட்டுக்குக் கீழே கிடப்பார்கள்.

மறுபக்கத்தில், எல்லோருக்கும் இருப்பதாலேயே ஒன்று நலமாகிவிடாது. சொத்தைப்பல் இல்லாத வாய் அபூர்வம், அதற்காகச் சொத்தைப்பல்லை ஆரோக்கியம் என்று பல் மருத்துவர் சொல்வதில்லை. குடியும் அப்படித்தான். வேலைக்குப் போகும் முன் ஒன்று, முடித்து வந்ததும் ஒன்று என்று ஒரு தெருவே குடிக்கும்போது குடிக்காதவன்தான் எண்ணிக்கைப்படி பிறழ்ந்தவன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குடி இல்லாமல் இருக்க முடியாத நிலையை மருத்துவம் நோய் என்றே வகைப்படுத்துகிறது. எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்பது அந்த வகைப்பாட்டில் ஒரு பொருட்டே இல்லை.

சரி, கூவாகத்துக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாமல் "மற்றவர்" என்று பதிவானவர்கள் இந்தியாவில் சுமார் 4 லட்சத்து 88 ஆயிரம் பேர். மக்கள்தொகை 121 கோடி. வகுத்துப் பார்த்தால் பத்தாயிரத்துக்கு நான்கு. வெளியே சொல்லத் தயங்கியவர்களையும் சேர்த்தால் கூடும், என்றாலும் சிறுபான்மைதான். எண்ணிக்கைக் கோல் அவர்களைப் பிறழ்வு என்று சொல்லிவிடும். ஆனால் அதே கோலை எடுத்துக்கொண்டு அந்தக் காலையில் அழுகளத்துக்குள் நுழைந்தால், அழாமல் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் ஆராய்ச்சியாளர்தான் பிறழ்ந்தவர். இந்தக் கோல் அபூர்வத்தை அளக்கிறது. நோயை அளக்கத் தெரியாது.

ஊர் என்ன சொல்லும்?

இரண்டாவது கோல் ஊர்வழக்கு. எதைச் செய்யலாம், எங்கே செய்யலாம், எவ்வளவு செய்யலாம் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் எழுதாத விதிகள் உண்டு, அதை மீறுவது பிறழ்வு. பேருந்து நிலையத்தில் அழுதவருக்கு 108-ஐ வரவழைத்தது இதுதான். அழுகளத்தில் அழுபவரைக் காப்பதும் இதே கோல்தான். அங்கே அழுகைதான் விதி.

இதில் நியாயம் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்கு முன் பம்பை முழக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சாமி வருகிறது. குரல் மாறுகிறது, ஆள் மாறுகிறாள், இறங்கிய பிறகு பேசியது எதுவும் நினைவில் இல்லை. அறிகுறிகளை மட்டும் தாளில் எழுதிக் காட்டினால் வெளியூர் மருத்துவர் பயந்துவிடுவார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஆவேசம் சார்ந்த ஒரு கோளாறு உண்டு. ஆனால் அவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்ட சடங்கின் பகுதியாக நடந்தால் அதைக் கோளாறில் சேர்க்கக் கூடாது. வரக் கூடாத இடத்தில், வேண்டாத நேரத்தில், ஆளின் விருப்பத்தை மீறி வந்து வாழ்க்கையைக் குலைத்தால்தான் கணக்கில் வரும். ஜெனீவாவில் அச்சான பட்டியல் நம் ஊர்ப் பம்பைக்காரரின் சாட்சியத்தையும் கேட்டுக்கொள்கிறது என்று இதற்குப் பொருள்.

ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. ஊரின் விதியே அநியாயமாக இருந்தால்? 1851-இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு புதிய மனநோயைக் கண்டுபிடித்ததாக எழுதினார். பெயர் டிராப்டோமேனியா. அதன் அறிகுறி ஒன்றே ஒன்று: கறுப்பின அடிமைகள் எஜமானிடமிருந்து தப்பி ஓடுவது. அடிமையாக இருப்பதே இயல்பு என்று முதலில் முடிவு கட்டிவிட்டால், ஓடுவது நோயாகத்தான் தெரியும். கல்வராயன் மலை 1970-கள் வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அங்கிருந்து எவனாவது ஓடியிருந்தால் அவனுக்கும் கிரேக்கத்தில் ஒரு பெயர் வைக்க, நல்லவேளையாக, மலையில் கார்ட்ரைட்டைப் போல் படித்தவர் யாரும் இல்லை.

திருநங்கைகள் கதையும் இதே தடத்தில்தான் போயிற்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் டி.எஸ்.எம். என்ற நோய்ப் பட்டியலை வெளியிடுகிறது. அதன் 1980-ஆம் ஆண்டுப் பதிப்பு, பிறந்தபோது சொல்லப்பட்ட பாலிலிருந்து வேறாகத் தன்னை உணர்வதை மனக்கோளாறுகளில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. பட்டியலும் அப்படியே வகைப்படுத்தியது. ஆக, கூவாகத்தில் எந்த மருத்துவரும் கால் வைக்காமலேயே அங்கே தாலி கட்டிக்கொண்ட அத்தனை பேரும் புத்தகப்படி நோயாளிகள்.

அன்றாடம் ஓடுகிறதா?

ஊர் பேச்சை ஒதுக்கிவிட்டு ஆளைப் பார்ப்போம் என்கிறது மூன்றாவது கோல். எழுந்து குளித்துச் சாப்பிட்டு, வேலைக்குப் போய், நாலு பேரோடு பழகி, தன்னைத் தானே கவனித்துக்கொள்ள முடிகிறதா? முடியவில்லை என்றால் கவலைப்பட வேண்டியதுதான். டேவிட் ரோசன்ஹானும் மார்ட்டின் செலிக்மனும் 1989-இல் இந்தக் கோலை விரித்து எழுதினார்கள். மருத்துவர்களுக்கு மிகவும் பிடித்த கோல் இது, ஏனென்றால் பயன்படுகிறது. "ராத்திரி தூங்குறீங்களா? சாப்பாடு இறங்குதா? வேலைக்குப் போறீங்களா?" என்று அவர்கள் கேட்பதெல்லாம் இதைத்தான்.

ஆனால் "முடியவில்லை" என்ற சொல்லுக்குள் இடமும் ஒளிந்திருக்கிறது. அதிகம் பேசாத, ஒரே தடத்தில் தினமும் ஆடு ஓட்டிப் போகிற, ஆட்டோடு தனக்குத்தானே பேசிக்கொள்கிற ஒருவர் மலைமேல் குறையில்லாமல் வாழ்வார். அவரையே கூலி வேலைக்கென்று இறக்கித் திருப்பூரில் ஓர் இரைச்சலான தையல் வரிசையில் உட்காரவைத்தால் ஒரு வாரத்தில் அவர் "முடியாதவர்" ஆகிவிடுவார். மூளை மாறவில்லை, பேருந்து ஏறியதுதான் மாற்றம்.

மலைக்கு மேற்கே, சேலத்திலிருந்து ஓர் உதாரணம். பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தார். படிவத்தில் ஆண் என்றும் பெண் என்றும் இரண்டே கட்டங்கள். அவருக்கான கட்டம் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வழக்குப் போட்டார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2017-இல் தருமபுரியில் பணியில் சேர்ந்தார். 2014-இல் ஒரு மருத்துவர் இந்தக் கோலை வைத்து அளந்திருந்தால் "நிலையான வேலை இல்லை" என்ற இடத்தில் ஒரு குறி போட்டிருப்பார். 2017-இல் அந்தக் குறி தானாக அழிந்திருக்கும். நடுவில் எந்த மாத்திரையும் கொடுக்கப்படவில்லை.

மேரி ஜஹோதாவின் பட்டியல்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். நோயைப் பட்டியல் போடுவதை விட்டு நலத்தைப் பட்டியல் போடலாமே என்று மேரி ஜஹோதா 1958-இல் யோசித்தார். தன்னைத் தான் ஏற்றல், வளர்ச்சி, பிறரைச் சாராத முடிவு, உலகத்தை உள்ளபடி பார்த்தல் என்று ஒரு நல்ல மனதுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று எழுதினார். படிக்க இதமாக இருக்கும். முழுதும் தேறுகிறவர் யாரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. "பிறரைச் சாராத முடிவு" என்பதை நம் ஊரில் ஒரு கல்யாணத்தை முன்னிட்டுச் சோதித்துப் பாருங்கள். பெரியப்பா, தாய்மாமன், ஜோசியர் என்று எல்லோரையும் கேட்டுத் தேதி குறிப்பவர்கள் மொத்தமும் தோற்றுப் போவார்கள். இலக்கு வைப்பதற்கு இந்தப் பட்டியல் உதவும், நோயாளியைப் பிரித்துக் காட்ட உதவாது.

வேதனை யாருடையது?

மிச்சம் இருப்பது வேதனை. சம்பந்தப்பட்டவரே "தாங்க முடியவில்லை" என்று சொல்வதைக் கேட்கும் கோல். வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே நொறுங்கிக்கொண்டிருப்பவரைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. முழுதும் நம்பவும் முடியாது. மனஎழுச்சி நோயின் உச்சத்தில் இருப்பவர் மூன்று நாள் தூங்காமல் வீட்டுப் பத்திரத்தை அடகு வைப்பார், கேட்டால் வாழ்க்கையிலேயே இப்போதுதான் சந்தோஷமாக இருப்பதாகச் சொல்வார்.

திருநங்கைகளை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தவர்கள் கடைசியில் ஊன்றி நின்றது இந்தக் கோலின் மேல்தான். "அவர்களில் பலர் மனச்சோர்வில் இருக்கிறார்கள், தற்கொலை எண்ணம் அதிகம், படிப்பு பாதியில் நிற்கிறது. இவ்வளவு வேதனை இருக்கும்போது நோய் இல்லை என்று எப்படிச் சொல்வது?" வாதம் வலுவானதுதான். வேதனை இருப்பதை யாரும் மறுக்கவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்றுதான் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் மெக்சிகோ நகரத்திலிருந்து வெளியானது. ஒரு மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த 250 பேரிடம் அவர்கள் வளர்ந்த கதையைக் கேட்டார்கள். எந்த வயதில் தன் பால் வேறு என்று தெரிந்தது? அப்போது எவ்வளவு வேதனை? வீட்டிலும் பள்ளியிலும் ஒதுக்கினார்களா? அடித்தார்களா? ஆய்வின் தந்திரம் எளிமையானது. வேதனை பால் உணர்விலிருந்தே பிறக்கிறது என்றால், அந்த உணர்வு ஆழமாக உள்ளவர்களுக்கு வேதனையும் அதிகம் இருக்க வேண்டும். ஒதுக்குதலிலிருந்து பிறக்கிறது என்றால், அதிகம் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேதனை அதிகம் இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கணக்கில் வைத்துப் பார்த்தபோது வேதனையையும் அன்றாடத் தடுமாற்றத்தையும் சரியாக ஊகிக்க உதவியது ஒதுக்குதலும் வன்முறையும்தான். பால் உணர்வு உதவவில்லை.

ஒரு வீட்டில் பிள்ளைக்குக் காலில் காயம். காயம் காலில்தான் இருக்கிறது, வலியும் காலில்தான். ஆனால் குத்திய முள் வாசல் வேலியிலிருந்து வந்தது. காலை அறுத்துப் பார்த்து நோயைத் தேடிக்கொண்டிருந்தால் வேலி அப்படியே இருக்கும்.

2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஐ.சி.டி.யின் பதினோராவது பதிப்பை ஏற்றது, 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பால் உணர்வு வேறுபடுவது மனக்கோளாறுகள் அத்தியாயத்திலிருந்து நீங்கியது. முழுதாக அழித்துவிடாமல் பாலியல் நலம் பற்றிய அத்தியாயத்துக்கு ஏன் மாற்றினார்கள் என்று கேட்கலாம். காரணம் நடைமுறை சார்ந்தது. ஹார்மோன் சிகிச்சையோ அறுவை சிகிச்சையோ வேண்டுகிறவர் மருத்துவமனைக்குப் போனால் பதிவேட்டில் எழுத ஒரு குறியீட்டு எண் வேண்டும். கர்ப்பம் நோய் இல்லை, ஆனால் அதற்கும் ஐ.சி.டி.யில் எண் உண்டு. அந்த மாதிரி.

நீதிபதி போன வகுப்பு

இந்த மாற்றம் தமிழ்நாட்டில் ஒரு நீதிமன்றத்தில் எதிரொலித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த கதை. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு இளம்பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்துவிட்டார்கள், பெற்றோர் காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. வழக்கமாக இப்படிப்பட்ட நேரத்தில் பெண்களைத்தான் மனநல ஆலோசனைக்கு அனுப்புவார்கள். இவர் பெற்றோரையும் அனுப்பினார். பிறகு, தனக்கே இந்த விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தானும் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7-இல் வந்த ஆணை, பால் ஈர்ப்பையோ பால் அடையாளத்தையோ "குணப்படுத்த" மருத்துவர்கள் முயல்வதைத் தடை செய்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் அத்தகைய முயற்சியைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

எத்தனை நாள் அழலாம்?

இவ்வளவுக்கும் பிறகு அழுகளத்தில் நாம் விட்டு வந்த இருவர் அங்கேயே நிற்கிறார்கள். ஒருவருக்கு உதவி தேவை என்று வைத்துக்கொண்டோமே, அவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

அந்தக் காலையில் பார்த்தால் முடியாது. இருவரும் திருநங்கைகள், அது விடையில்லை. இருவரும் கதறுகிறார்கள், அதுவும் விடையில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் போய்ப் பார்க்க வேண்டும். முதலாமவர் வெள்ளைப் புடவையோடு துக்கத்தையும் மடித்து வைத்துவிட்டார். ஜமாத் என்ற திருநங்கைகள் குழுவில் தனக்குத் தாயாக இருக்கும் அம்மாவோடு சண்டை போட்டு, சமாதானமாகி, அடுத்த வருடம் எந்த நிறத்தில் கூறைப்புடவை எடுப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டாமவருக்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை. பிடித்த பாட்டு காதில் விழுந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. செத்தால் தேவலை என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.

மனச்சோர்வு நோயை முடிவு செய்ய டி.எஸ்.எம். ஒன்பது அறிகுறிகளைத் தருகிறது. அவற்றில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும். இரண்டு வாரமாவது, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். அன்றாடக் கோலும் வேதனைக் கோலும் இங்கே சேர்ந்து வேலை செய்கின்றன, கூடவே காலம் என்ற மூன்றாவது சாட்சியும். ஊர்வழக்கும் ஒரு மூலையில் நின்று, "அவர்களுடைய வழக்கத்தில் துக்கம் எத்தனை நாள்?" என்று கேட்கிறது.

இந்தக் கேள்வியில் பட்டியல்காரர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. உண்மையான மரணத்துக்குப் பிறகும் ஓயாமல் நீளும் துக்கத்தை இரு பட்டியல்களும் இப்போது தனிக் கோளாறாகச் சேர்த்திருக்கின்றன. ஐ.சி.டி. ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறது. டி.எஸ்.எம். பெரியவர்களுக்கு ஓராண்டு தருகிறது. ஒரே கண்ணீர், ஒரு பட்டியலில் ஏழாம் மாதம் நோய், மற்றதில் இன்னும் துக்கம். நம் வீடுகளில் பதினாறாம் நாள் கருமாதி என்றும் ஆண்டு திரும்பினால் தலைத்திவசம் என்றும் வைத்தவர்கள் எந்தப் பட்டியலையும் படித்தவர்கள் இல்லை, என்றாலும் அவர்களும் இதே கணக்கோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கூவாகத்துக் கணக்கு இன்னும் கறார்: ஒரே பகல், ஒரு குளியல், ஒரு வெள்ளைப் புடவை.

இரண்டாமவரை அவருடைய ஜமாத் அம்மா கையைப் பிடித்து அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடக்க முடியாத நிலையில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு அழைத்தும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மருத்துவர் படிவத்தை எடுக்கிறார். பெயர், வயது. பால் என்ற கட்டத்தில் ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். "தூக்கம் எப்படி இருக்கும்மா?" என்று கேட்கிறார்.